பிஎம்6 – ஒய்6 ஜோடி: காரைக்குடி வெயிலுக்குத் தாங்குமா?

கரிம சூரிய மின்கலத்துக்கு விலைக்குக் கிடைக்கும் பொருட்களில் ஆய்வகத்தில் தொடங்க, எலக்ட்ரான் கொடுக்கும் பிஎம்6, அதை வாங்கும் ஒய்6 என்ற இந்த ஜோடியே நல்லது. முன்பு இதே வேலைக்குப் பயன்பட்ட பி3எச்டி–பிசிபிஎம் கலவை, ஒளியை மின்சாரமாக்கும் திறனில் 3–5 சதவீதத்திலேயே நின்றது. 2019-இல் ஒய்6 வெளியானபோதே 15.7 சதவீதம். ஒய்6 மூலக்கூறின் நடுவில் எலக்ட்ரான் பற்றாக்குறையுள்ள கரு, இரு முனைகளிலும் ஃபுளூரின். இந்த வடிவமைப்பால்தான் 900 நானோமீட்டர் வரை அகச்சிவப்பையும் உறிஞ்சுகிறது.

கரைசலுக்கு: 1 மில்லிலிட்டர் குளோரோஃபார்முக்கு பிஎம்6 7.3 மில்லிகிராம், ஒய்6 8.7 மில்லிகிராம், சேர்மானமாகக் குளோரோநாப்தலீன் கனஅளவில் 0.5 சதவீதம். கண்ணாடி மேல் படலமாக்க நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றுங்கள். பிறகு 110 டிகிரியில் 10 நிமிடம் சூடு.

வம்பு குளோரோஃபார்மில். கொதிநிலையே 61 டிகிரிதான். சித்திரையில், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் காரைக்குடியில் ஏசி இல்லாத அறையென்றால் பிப்பெட்டிலேயே ஆவியாகும்; கரைசல் கெட்டியாகி, படலம் தடித்து, கோடு விழும். குப்பியை மூடியே வையுங்கள், சுழலும் கண்ணாடி மேல் ஒரே சொட்டாக விடுங்கள்.

பிஎம்6 பாலிமர், தொகுதிக்குத் தொகுதி மூலக்கூறு எடை மாறும், கூடவே பாகுத்தன்மையும். விற்பவர் தரும் சான்றிதழில் மூலக்கூறு எடை இல்லையென்றால் வாங்க வேண்டாம். விலை? தங்கம் மாதிரி மில்லிகிராம் பார்த்துத்தான் வாங்கணும். செட்டிநாட்டு வீட்டு மொட்டைமாடிக்கு இப்போதைக்குச் சிலிக்கான் பலகைதான்.