'திருத்தம் இலவசம்' என்றார்கள், பில் 1,040 ரூபாய்

சென்னையில் ஏ.சி. சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொள்ளும் பெண்கள், அதிலும் சுருட்டை முடிக்காரர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கூத்து ஒரே கடையோடு நிற்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

தங்கையின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தோளுக்குக் கீழே இரண்டு அங்குலம் நிற்கட்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். வெட்டியவர் தலையை அலசி, ஈரத்தோடு ஒவ்வொரு கற்றையையும் சீப்பால் இழுத்துப் பிடித்து, சொன்ன இடத்தில் கச்சிதமாகக் கத்தரித்தார். கண்ணாடியில் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. காயவைப்பதற்கு 500 ரூபாய் தனி என்றார்கள். வேண்டாம் என்றேன். 1,200 ரூபாய்க்கு ஜிஎஸ்டியோடு 1,260 கட்டி, வெட்டியவர் கையில் 100 ரூபாய் டிப்ஸும் வைத்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அதுதான்.

சுருட்டை முடி காயக் காயச் சுருங்கி மேலே ஏறும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் ஏறாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வலப்பக்கம் தோளைத் தொட்டது, இடப்பக்கம் தாடையோடு நின்றுவிட்டது. அம்மா என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள். "சவுரியை இனி எதில் வைத்துப் பின்னுவது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிரவே நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்தேன். காரணம் இருக்கிறது. 2018இல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டல் சலூனில், கீழிருந்து நான்கு அங்குலம் வெட்டச் சொன்ன மாடல் ஒருவருக்கு, மேலிருந்து நான்கு அங்குலம் மட்டும் விட்டு மீதியை வெட்டிவிட்டதாக வழக்கு. சமாதானத்துக்குச் செய்த இலவச சிகிச்சை தலைத்தோலையே எரித்துவிட்டது என்பதும் அவர் புகார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. எனக்கு 2 கோடி வேண்டாம், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போதும். ஆனாலும் படமும் பில்லும் கையில் இருப்பது நல்லது.

மறுநாள் போனேன். மேலாளர் படத்தைப் பார்த்ததும், "திருத்தம் இலவசம் மேடம்" என்றார். நேற்று வெட்டியவருக்கு அன்று விடுமுறையாம். மணிப்பூரைச் சேர்ந்த ஒரு பெண் வந்தார். தண்ணீரைத் தொடவே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு சுருளை விரலால் எடுத்து, என் முகவாய்க்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டவைத்து, கண்ணாடியில் பார்த்து, நீளமானதின் நுனியை மட்டும் நறுக்கினார். பிறகு அடுத்த சுருள். இப்படியே ஐம்பது நிமிடம். அதற்குள் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முடிந்ததும் ஓர் உதவியாளர், "துண்டு முடி ஒட்டியிருக்கும், அலசிக் காயவைத்துவிடலாம்" என்றார். இலவசத்தில் சேர்த்தி என்று நினைத்துத் தலையைக் கொடுத்தேன். பில் வந்தது. கட்டிங் 0. ஹேர் வாஷ் 400, ப்ளோ டிரை 500, அவற்றின் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 90, எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,040.

"சர்வீஸ் சார்ஜ் எதற்கு?"

"அது பணியாளர்களுக்கான டிப்ஸ் மேடம்."

திருத்திய பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "இது உங்களுக்கு வருமா?" என்றேன். அவர் மேலாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரையில் கிடந்த முடியைப் பெருக்கக் குனிந்துகொண்டார்.

ஓட்டல்களிலும் உணவகங்களிலும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. சொன்னேன். "அது ஓட்டலுக்கு மேடம், இது சலூன்" என்றார், படித்து வைத்தவர்போல. சரி, 1915க்கு அழைத்து அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் போனில் அழுத்தத் தொடங்கியதும் 90 ரூபாய் காணாமல் போனது. மீதி 945ஐக் கட்டினேன். அலசும் முன் கேட்காதது என் தவறு.

டிப்ஸ் விஷயத்தில் என் கணக்கு இப்போது தெளிவு. தலை காய்ந்து பார்க்கும்வரை யாருக்கும் ஒரு பைசா கிடையாது. தன் தவறைத் தானே திருத்துபவருக்கும் தேவையில்லை, அது அவர் கடன். அடுத்தவர் செய்த கோளாறைச் சரிசெய்பவருக்கு அவசியம் கொடுக்க வேண்டும். அதுவும் பில்லிலோ கவுண்டர் உண்டியலிலோ வேண்டாம், அவர் கையில் ரொக்கமாக.

அந்தப் பெண் மாடிப்படி வரை வழியனுப்ப வந்தார். இலவசத் திருத்தத்துக்குத் தனக்கு இன்சென்டிவ் எதுவும் கிடையாது என்று அங்கேதான் சொன்னார். 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். போன் உறைக்குள் மடித்துச் செருகிக்கொண்டு, "அடுத்த முறை காய்ந்த தலையோடு வாருங்கள் அக்கா, அப்படியே வெட்டச் சொல்லுங்கள்" என்றார்.