படகில் ஒரு நாள்: பிச்சாவரமா, கன்னியாகுமரியா?

ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா என்றதும் எங்கள் ஆசிரியர் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். தமிழும் கணக்கும் கன்னியாகுமரி என்பார்கள். அறிவியல், சிதம்பரத்துக்கு அருகே அலையாத்திக் காடு இருக்கும் பிச்சாவரம் என்னும். இரண்டு இடத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பிச்சாவரம் கட்சி.

கன்னியாகுமரியில் பாடம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பாறையில் இருக்கிறது, படகில் இல்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். படகில் பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. கடலைக் கடக்கும் டவுன் பஸ், அவ்வளவுதான். இறங்கிய பிறகுதான் வகுப்பே தொடங்கியது. வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி, அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அது அறத்துப்பால். மேலே நிற்கும் உருவம் 95 அடி, பொருளின் 70-உம் இன்பத்தின் 25-உம் சேர்ந்தது. இந்தக் கூட்டலைக் கரும்பலகையில் போட்டால் ஒருவரும் நிமிர மாட்டார்கள். அங்கே அண்ணாந்து பார்த்தபடி போட்டார்கள். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். ஓதம், நிலவின் ஈர்ப்பு எல்லாவற்றையும் அந்த ஏமாற்றத்தை வைத்தே விளக்கிவிடலாம். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போக 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் பயணிகளுக்குப் பெரிய வசதி. எனக்குத்தான் ஒரு பாடம் போயிற்று.

பிச்சாவரத்தில் படகே வகுப்பறை. ஆனால் துடுப்புப் படகு எடுக்க வேண்டும். மோட்டார் படகில் இரைச்சலும் புகையும்தான் மிஞ்சும். குறுகலான கால்வாய்களுக்குள் அது நுழையவும் முடியாது. துடுப்பு நீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வேறு படம் வரைய வேண்டியதில்லை.

கிளைகள் கூரையாகக் கவிந்த ஓர் இடத்தில் படகோட்டி துடுப்பை நிறுத்தி, வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்துக் கொடுத்தார். ஒரு பெண் நாக்கால் தொட்டுவிட்டு முகம் சுளித்தாள்: உப்பு. இலை உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிறது என்று பாடப்புத்தகம் சொல்வதை அவள் இனி மறக்க மாட்டாள். கீழே சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நீண்டிருந்தவை மூச்சு வேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று கிடைக்காது. சுரபுன்னையிலோ விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்குகிறது.

அடுத்த மரத்தையும் சுவைக்கக் கை நீட்டிய பையனைப் படகோட்டி அதட்டினார். அது தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் அதுதான் என்றபோது தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். ‘கண்டல் வேலி’ என்று நற்றிணையில் வருகிறதே, அந்த வேலிக்குள்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம் என்றார். அவரைக் கட்சி மாற்றியது அந்த மரம்தான் என்று நினைக்கிறேன். வேலி என்பது வெறும் உவமை இல்லை. 2004 ஆழிப்பேரலையில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. வரலாறு வேண்டுமா? வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. 1781-இல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதிய களம்.

சென்னைப் பள்ளிகளுக்கு இவ்வளவு தூரம் முடியாதென்றால் பக்கத்திலேயே முட்டுக்காடு உப்பங்கழி இருக்கிறது. மணல்திட்டு முகத்துவாரத்தை அடைப்பதையும், அவ்வழியே போகும் பக்கிங்காம் கால்வாயையும் காட்டலாம். அரை நாளுக்குத் தாங்கும்.

பிச்சாவரம் போவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையில் இலை கழுவப்பட்டிருக்கும். நக்கிப் பார்த்தாலும் உப்புக் கரிக்காது.