அப்பாவின் பிபி மெஷின்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எழுபதைத் தாண்டிய அப்பாவுக்காக வாங்கியது. மேல் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினால் தானே காற்றடித்து அளக்கிற சாதாரண டிஜிட்டல் ரகம். புளூடூத், செயலி எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் அவர் தொட்டிருக்க மாட்டார். எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, ஒரே பட்டன், யாரையும் கூப்பிடாமல் தானே அளந்துகொள்கிறார். எனக்கு அதுதான் முக்கியம்.

மணிக்கட்டில் கட்டுகிற ரகம் பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் கை இதய மட்டத்திலிருந்து இறங்கினாலோ ஏறினாலோ அளவு மாறிவிடும். மேல் கை ரகத்திலும் பட்டையின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

அளப்பதற்கு முன் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில், கை மேசைமேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அப்பாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது, பேசாமல் இருப்பது மட்டும் இன்னும் வரவில்லை. பட்டை இறுகும்போதுதான் பழைய ஆபீஸ் கதையெல்லாம் அவருக்கு ஞாபகம் வரும். பேசினால் எண் ஏறும் என்று சொன்னால், "நீ கேள்வி கேட்காதே, நான் பேசமாட்டேன்" என்பார்.

இந்த மெஷின் உண்மையில் கைகொடுத்தது வேறொரு விஷயத்தில். காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், வயசாச்சு என்று அவரே முடித்துவிடுவார். பிறகு, உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு முறை என அளக்க ஆரம்பித்தோம். நிற்கும்போது மேல் எண் 20-க்கும் மேல் இறங்கியது. அந்த அளவு இறக்கத்தை மருத்துவர்கள் லேசாக விடுவதில்லை, விழுந்து எலும்பு முறிய அதுவே காரணமாகலாம். நோட்டில் எழுதியதைக் காட்டியதும் மருத்துவர் முதலில் கேட்டது புராஸ்டேட் மாத்திரையைப் பற்றி. அந்த வகையில் சில, எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்குமாம். மாத்திரைகளை அவர் மாற்றி அமைத்த பிறகு தலைசுற்றல் நன்றாகக் குறைந்தது. நாமாக எதையும் நிறுத்தியிருந்தால் வேறு வம்பு வந்திருக்கும்.

குறைகளும் உண்டு. பேட்டரி மாற்றினால் கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது, தேதியை மறுபடி வைக்காவிட்டால் நினைவகத்தில் இருப்பதை நம்ப முடியாது. அதனால்தான் நோட்டு. நாடித் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டலாம், அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்கலாம்.

இன்னொரு தொல்லை, கையருகே இருப்பதால் சும்மா சும்மா அளப்பது. எண் கொஞ்சம் ஏறினால் பயம், பயத்தில் இன்னும் ஏறும். இப்போது மருத்துவரிடம் போவதற்கு முந்தைய வாரம் மட்டும் காலையும் இரவும் அளக்கிறார். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-க்குக் கீழ் இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை என்பார்கள், அப்பாவுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதை மருத்துவரே சொல்லியிருக்கிறார்.

மெஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது. பட்டையின் ஒட்டும் பகுதிதான் பிடிப்பு விட்டுப்போய், காற்றடிக்கும்போதே பிரிந்துகொண்டது. புதுப் பட்டை மட்டும் வாங்கிப் போட்டோம். வாங்கும்போதே உங்கள் மாடலுக்குப் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.