இருட்டை நம்பி எடுத்த படங்கள்: ராத்போன் ஹோம்ஸ் டிஸ்க் தொகுப்பு எப்படி?

பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் டாக்டர் வாட்சனாகவும் சேர்ந்து நடித்த படங்கள் மொத்தம் 14. முதல் இரண்டும் 1939இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்தவை. குதிரை வண்டி, விக்டோரியா காலத்து உடை என்று கொஞ்சம் தாராளமாகவே செலவழித்திருக்கிறார்கள். மீதி 12ம் 1942 முதல் 1946 வரை யுனிவர்சல் எடுத்தவை. கதையை அன்றைய நிகழ்காலத்துக்கே கொண்டுவந்துவிட்டதால் பழங்காலத்து வண்டி, உடை, தெரு எதற்கும் செலவில்லை. 14ம் சேர்ந்த ப்ளூ-ரே தொகுப்புக்கான இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்த 12ஐப் பற்றியது.

இவை 'பி' படங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில் பெரிய படத்தோடு ஒட்டிப்போன இரண்டாவது படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும்; பி படத்துக்குத் தியேட்டர் கொடுப்பது கட்டுத் தொகை. எவ்வளவு நன்றாக ஓடினாலும் வரவு கூடாது என்பதால் செலவை முதலிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். நீளமும் அப்படித்தான். 'டெரர் பை நைட்' சரியாக ஒரு மணி நேரம். 'தி ஸ்கார்லெட் கிளா' 74 நிமிடம். மற்றவை இரண்டுக்கும் நடுவில். சுற்றி வளைக்க நேரமே கிடையாது. பத்து நிமிடத்துக்குள் பிணம் விழுந்தாக வேண்டும்.

யுனிவர்சலின் முதல் படத்தை ஜான் ராலின்ஸ் இயக்கினார். அடுத்த 11ம் ராய் வில்லியம் நீல். இந்தத் தொகுப்பை வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் பாதி இவரிடம்தான் இருக்கிறது. கையிலிருந்தவை யுனிவர்சலின் திகில் படங்களுக்குப் போட்ட செட்டுகள், புகைமூட்டம், கொஞ்சம் விளக்கு. எங்கே செட் முடிகிறதோ அங்கே இருட்டு ஆரம்பிக்கும். சுவர் இல்லாத இடத்தில் நிழலை நிறுத்துவார். 'தி பேர்ல் ஆஃப் டெத்'தில் முதுகெலும்பை முறித்துக் கொல்லும் 'க்ரீப்பர்' என்ற ஆளாக ராண்டோ ஹாட்டன் நடித்தார். படம் முடியப்போகும்வரை அவன் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். தோள், நடை, சுவரில் ஒரு நிழல், அவ்வளவுதான். ஒவ்வொரு பிணத்தைச் சுற்றியும் உடைந்த பீங்கான் துண்டுகள் சிதறிக் கிடக்கும். கொல்ல வந்தவன் எதற்காகப் பாத்திரத்தை உடைக்கிறான்? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே ஹோம்ஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறார். செலவு என்று பார்த்தால் நாலைந்து தட்டு.

இதைவிடச் சிக்கனம் 'ஷெர்லாக் ஹோம்ஸ் இன் வாஷிங்டன்'. ரகசிய ஆவணத்தை மைக்ரோஃபிலிமாக்கி ஒரு தீக்குச்சி அட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், ஹோம்ஸுக்குத் தெரியாது. ஒரு விருந்தில் அந்த அட்டை கைமாறிக்கொண்டே போகிறது. ஒருவர் சிகரெட் பற்றவைத்துவிட்டு வைக்கிறார், இன்னொருவர் எடுக்கிறார். கேமரா ஆளை விட்டுவிட்டு அட்டையையே பின்தொடர்கிறது. கடைசியில் அதைத் தேடும் வில்லனே அதிலிருந்து ஒரு குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கிறான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். துரத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு தீப்பெட்டி விலைகூட இல்லை.

இருட்டுதான் இந்தப் படங்களின் முதலீடு என்பதால், நீங்கள் வாங்கும் பிரதி கெட்டால் படமே கெட்டது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'சீக்ரெட் வெப்பன்', 'தி வுமன் இன் கிரீன்', 'டெரர் பை நைட்', 'டிரெஸ்ட் டு கில்' ஆகிய நான்குக்கும் அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. அந்நாளைய சட்டப்படி 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பிக்கவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம், போட்டார்கள். பத்துப் படம், ஐம்பது படம் என்று ஒரே டப்பாவில் அடைத்து வரும் மலிவுத் தொகுப்புகளில் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். பெரும்பாலும் டிவிக்குப் போன 16 மில்லிமீட்டர் பிரதியின் நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் சாம்பல் நிறத்தின் படிகள் குறையும். கடைசியில் கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். கோட்டு ஒரே கறுப்புப் பொட்டலம், முகம் சுண்ணாம்பு. ஃபிலிம் அறுந்து ஒட்டிய இடங்களில் வசனம் பாதி வார்த்தையில் எகிறும். ஒலியில் ஒரு இரைச்சல் தொடர்ந்து கேட்கும்.

வண்ணம் பூசிய பதிப்புகளும் கிடைக்கின்றன. வேண்டவே வேண்டாம். நிழலாக விட்ட இடத்தில் பழுப்புச் சேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யுனிவர்சல் படங்கள் 12ஐயும் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசிஎல்ஏ) திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது. அதிலிருந்து வந்த டிஸ்க்குகளை எம்பிஐ நிறுவனம் வெளியிட்டது. 14 படங்களும் சேர்ந்த ப்ளூ-ரே தொகுப்பு 2011இல் வந்தது. வாங்குவதானால் இது. எல்லாப் படமும் ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில காட்சிகள் சட்டென்று மங்கும், கீறல் தெரியும். ஆனால் சாம்பல் படிகள் இருக்கின்றன, அதுதான் முக்கியம்.

பிரதி நல்லதா என்று பார்க்க முதல் ஒரு நிமிடம் போதும். பெயர்கள் ஓடும்போது புகைமூட்டத்துக்கு நடுவே இரண்டு பேர் நடந்துபோவது தெரியும். மூட்டம் அடுக்கடுக்காக, பின்னால் போகப்போகக் கனமாகத் தெரிந்தால் நல்ல பிரதி. வெள்ளைத் துணியை விரித்த மாதிரி ஒரே தட்டையாக இருந்தால் மூடி வைத்துவிடலாம். அடுத்து நேரத்தைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேமில்) எடுத்த படத்தை 25இல் ஓட்டும் பிஏஎல் (PAL) என்ற டிவி முறை டிவிடியில் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடியும். காட்சி எதுவும் வெட்டுப்படவில்லை, ஆனால் ஓட்டத்தோடு சுருதியும் ஏறுவதால் ராத்போனின் கணீர்க் குரல் கொஞ்சம் கீச்சிடும். அதைவிடவும் குறைவாக இருந்தால் ஏதோ வெட்டியிருக்கிறார்கள்.

டிவியிலும் மூன்று வேலை இருக்கிறது. படத்தின் விகிதம் 1.37க்கு 1, திரையை நிரப்ப இழுத்தால் வாட்சன் இன்னும் குண்டாகிவிடுவார். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் புகை பிசிறும். வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், கூட்டினால் நீல் மறைத்த அட்டைச் சுவர் எல்லாம் வெளியே வந்துவிடும். அறை விளக்கை அணைப்பதே சரியான வழி.

குறைகள் இல்லாமல் இல்லை. யுனிவர்சலின் முதல் மூன்று படங்கள் போர்க்காலப் பிரசாரம். கடைசியில் ஹோம்ஸ் மேடைப் பேச்சு பேசுவார். அந்த மூன்றிலும் அவருடைய முடியை ஏன் முன்பக்கமாக வாரிவிட்டார்கள் என்பது ஹோம்ஸே துப்பறிய வேண்டிய விஷயம். வாட்சனைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள் என்ற, மூலக் கதைகளை எழுதிய கோனன் டாயிலின் வாசகர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் 'தி ஸ்பைடர் வுமன்'இல் துப்பாக்கி சுடும் கடையின் இலக்குப் பொம்மைக்குப் பின்னால் ஹோம்ஸைக் கட்டிவைத்திருக்க, அது தெரியாத வாட்சன் உற்சாகமாகக் குறிபார்க்கும் காட்சி, அப்படி ஒரு வாட்சன் இல்லாமல் நடக்காது. ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்டி மூன்று படங்களில் வருகிறார், மூன்றிலும் வேறு வேறு நடிகர். அதே நடிகர்கள் மற்ற படங்களில் வேறு ஆளாகவும் வருவார்கள். ஜார்ஜ் சூக்கோ 1939இல் மோரியார்டி, வாஷிங்டன் கதையில் தீக்குச்சி அட்டையைத் தேடும் அந்த வில்லன். இதை மன்னிக்க முடியாதவர்களுக்கு இந்தத் தொகுப்பு ஒத்துவராது.

வரிசையாகப் பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. 'தி ஸ்கார்லெட் கிளா'வில் தொடங்குங்கள். கனடாவில் ஒரு கிராமம், இரவு, விடுதியில் கொஞ்சம் பேர். தேவாலய மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யார் அடிப்பது என்று போய்ப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. ஓர் அறை, ஒரு மணியோசை. இரண்டே நிமிடத்தில் ஊரின் பயம் நமக்கும் வந்துவிடும். அடுத்து 'தி பேர்ல் ஆஃப் டெத்', பிறகு ரயிலுக்குள்ளேயே நடக்கும் 'டெரர் பை நைட்'. கப்பல் கதையான 'பர்சூட் டு அல்ஜியர்ஸ்' கடைசியில் இருக்கட்டும். சந்தேகப்படும்படி ஆட்களை உலவவிட்டு, நடுவில் பாட்டும் பாடவைத்து, ஒரு மணி நேரத்தையே நீளமாக்கிக் காட்டிய படம் இந்தப் பன்னிரண்டில் அது ஒன்றுதான்.