வீட்டில் உரக்கச் சொல்ல முடியாத படப் பெயர்கள்

2016 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. மேற்கு மாம்பலம் வீட்டுக் கூடத்தில் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “அம்மா, பிச்சைக்காரன் போலாமா?” என்று கேட்டேன். முறத்தை விட்டு நிமிரவே இல்லை. “சனிக்கிழமையும் அதுவுமா வாயில வர்ற வார்த்தையப் பாரு. வேற பேரே கெடைக்கலையா அவங்களுக்கு?” பேச்சு அத்தோடு முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். “அம்மாவக் காப்பாத்த 48 நாள் பிச்சை எடுக்குறான்மா அந்தப் பணக்காரப் பையன்” என்று கண்ணைத் துடைத்தபடி கதை சொன்னார். மறுநாளே அம்மா கிளம்பிவிட்டார். வாசலில் பூக்காரம்மா “எங்கக்கா கெளம்பிட்டீங்க?” என்று கேட்டதற்கு மட்டும், “சும்மா, ஒரு படத்துக்கு” என்றார். பெயரைச் சொல்லவில்லை.

ஒரு பெயர் நம்மை எவ்வளவு விரட்டுகிறது என்று பார்க்க எனக்கு அந்த “சும்மா, ஒரு படத்துக்கு” போதும். நம் வீடுகளில் படம் பார்ப்பது தனி ஆள் எடுக்கும் முடிவு இல்லை. யாராவது ஒருவர் இன்னொருவரிடம் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே, ஆபீஸ் டீக்கடையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில். சொல்லும்போது நாக்கு எங்கே தடுக்குகிறது என்பதில்தான் பெயருக்குப் பெயர் வித்தியாசம்.

முதலில் அபசகுனக் கட்சி. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரம் பார்த்துப் படம் தொடங்கும் ஊர் கோடம்பாக்கம். இயக்குநர் பீம்சிங் ‘ப’வை விடாமல் பிடித்துக்கொண்டு பதிபக்தி, பாகப்பிரிவினை, படிக்காத மேதை, பாசமலர், பாலும் பழமும் என்று போனார். அப்படிப்பட்ட இடத்தில் விஜய் ஆண்டனி பிச்சைக்காரன், சைத்தான், எமன், கொலைகாரன், ரத்தம் என்று வரிசையாக வைத்தார். ஒரே நடிகர், அத்தனையும் வீட்டில் சொல்லக் கூசும் பெயர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான சாமான் கிடைக்காது.

இவற்றில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது பிச்சைக்காரன் மட்டும்தான். தெலுங்கில் அதே பொருளில் ‘பிச்சகாடு’ என்றே வைத்தார்கள், அங்கேயும் பிரமாதமாக ஓடியது. காரணம் என்று எனக்குத் தோன்றுவது இது. பிச்சைக்காரன் என்றதும் முகம் சுளித்தாலும், “ஏன் இப்படி ஒரு பேரு வச்சான்?” என்று கூடவே ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் படமே. பதிலும் அம்மா, வேண்டுதல் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நெருக்கமானது. எமன், சைத்தான் இரண்டும் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். அதோடு, முதல் தடவை வந்த அதிர்ச்சி நாலாவது தடவை வராது. “இவருக்கு இதே வேலையாப் போச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த போஸ்டரைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அடுத்தது கூசும் ரகம். 2018இல் ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ போஸ்டர் ஊரெங்கும் ஒட்டியிருந்தபோது, அக்கா பையனுக்கு ஏழு வயது. புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தான். கோடம்பாக்கம் மேம்பாலத்துப் பக்கம் பஸ் நிற்க, ஜன்னல் வழியாக ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, நல்ல கணீர்க் குரலில் முழுப் பெயரையும் படித்து முடித்தான். கண்டக்டர் உட்படப் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. “குத்துன்னா பாக்சிங்காம்மா?” என்று வேறு கேட்டான். அக்கா அதற்கப்புறம் ஒரு வாரம் ஆட்டோவில்தான் போனாள்.

ஆனால் நேர்மை என்று பார்த்தால் அந்தப் பெயருக்கு நான் மதிப்பெண் போடுவேன். ஏ சான்றிதழ் படம், பெயரும் அதையே சொல்கிறது, ஏமாந்து உள்ளே போனவர் யாரும் இல்லை. என் ஆபீஸ் பையன்களுக்கு அந்தப் பெயரே அழைப்பிதழ். குடும்பத்தை விரட்டிய அதே சொல் இவர்களைக் கும்பலாகக் கூட்டி வந்தது. 2020இல் ‘இரண்டாம் குத்து’ என்று அடுத்ததும் வந்துவிட்டது.

இதற்குப் பக்கத்தில் எஸ்.ஜே. சூர்யாவின் 2005 படத்தை வைத்துப் பாருங்கள். முதலில் ‘பி.எஃப்.’ என்று வைத்தார். பெஸ்ட் ஃப்ரெண்ட் என்று விளக்கம். அந்த இரண்டு எழுத்துக்கு ஊரில் நீலப்படம் என்று அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எதிர்ப்பு கிளம்பி, ‘அன்பே ஆருயிரே’ ஆனது. படம் அதே படம்தான், பெயர் மட்டும் காதலர் தின வாழ்த்து அட்டை. கூச்சப்பட வைக்கும் பெயரா, கூச்சத்தை மறைக்கும் பெயரா என்று கேட்டால் நான் முதலாவதையே எடுப்பேன். குழந்தையோடு போகலாமா வேண்டாமா என்றாவது தெரிந்துவிடும்.

(கவுன்ட்டரில் பெயர் சொல்லிச் சங்கடப்பட்ட காலம் போய்விட்டது. போனில் விரலால் தட்டினால் டிக்கெட். அண்ணா சாலை தேவி வளாகத்தில் அந்த நாளிலேயே தப்பிக்க ஒரு வழி இருந்தது. படத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், “பாரடைஸ் ரெண்டு”, “கலா மூணு” என்று திரையின் பெயரையும் எத்தனை டிக்கெட் என்பதையும் சொன்னால் போதும்.)

அபசகுனம், ஆபாசம் இரண்டையும்விட அதிக ஆட்களை இழப்பது மூன்றாவது ரகம் என்பது என் கட்சி. யாரையும் புண்படுத்தாத, அழகான, ஆனால் கேட்டவருக்கு வேறு எதையோ சொல்லிவிடுகிற பெயர்கள்.

2015இல் ‘குற்றம் கடிதல்’ வந்தது. திருக்குறளின் 44ஆம் அதிகாரத்தின் பெயர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. நான் ஆபீசில் பெருமையாகச் சொன்னபோது பக்கத்து சீட் நண்பர், “குற்றம் யாரக் கடிச்சுது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடிதல் என்றால் விலக்குதல், கடித்தல் வேறு என்று நான் விளக்கத் தொடங்கியதுதான் தப்பு. விளக்கம் முடியும் முன்னால் நாலு பேரும் வேறு படத்துக்கு சீட் பிடித்திருந்தார்கள்.

‘பரியேறும் பெருமாள்’ இன்னும் விசேஷம். 2018. திருவல்லிக்கேணி அத்தையிடம் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. “பரின்னா குதிரை. குதிரை வாகனத்துல வர்ற பெருமாள். எந்த ஊர்க் கோயில்டா?” என்றார். பொருள் நூற்றுக்கு நூறு சரி. சட்டக் கல்லூரியில் சேரும் ஒரு பையனின் பெயர் அது, படம் சாதியைப் பற்றியது, கறுப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்வதில் தொடங்குகிறது என்று சொன்னேன். “அப்ப நீ போயிட்டு வா” என்றார். அதே பெயரைக் கேட்டு என்னோடு வேலை பார்க்கும் 25 வயதுப் பையன் பக்திப் படம் என்று நினைத்து ஒதுங்கிவிட்டான். அவனுக்காகவே எடுத்தது போன்ற படம் அது. வரவேண்டாதவரை வா என்று சொல்லி, வரவேண்டியவனை அனுப்பிவிட்டது பெயர். ஆனாலும் பார்த்த பிறகு வேறு எந்தப் பெயரும் அந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதுதான் இந்த ரகத்தின் தொல்லை: வெளியே வரும்போதுதான் பெயர் புரிகிறது, அது உள்ளே போவதற்கு உதவுவதில்லை.

இயக்குநர் மணிகண்டனின் இரண்டு படங்களை அருகருகே வைத்தால் இன்னும் தெளிவாகும். ‘காக்கா முட்டை’ (2015), ‘கடைசி விவசாயி’ (2022). காக்கா முட்டை என்பது கேட்டதும் ஒரு மாதிரியான பெயர்தான். யார் தின்பார்கள்? ஆனால் சொல்லும்போதே சிரிப்பு வருகிறது. சென்னைக் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேரும் பீட்சாவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், குழந்தைகள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கடைசி விவசாயியில் யாரும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மரியாதையான பெயர். தேசிய விருதும் வாங்கிய படம். அதைச் சொன்னதும் என் மனைவி, “ஞாயித்துக்கிழமை அழ வைக்காதீங்க” என்றாள். கடைசி என்ற சொல்லும் விவசாயி என்ற சொல்லும் சேர்ந்தால் வறண்ட நிலம், கடன், சாவு என்று நியூஸ் சேனல் நமக்குப் பழக்கிவிட்டது. உள்ளே இருப்பதோ மயில்களைக் கொன்றதாக வழக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெரியவர், அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத கோர்ட்டு, நிதானமான நகைச்சுவை. அசிங்கமான முட்டை ஜெயித்து, கௌரவமான விவசாயி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

வெளியூர் உதாரணம் ஒன்று மட்டும். ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’, 1994. சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்து, முதல் ஓட்டத்தில் சுமார் 1.6 கோடி டாலரோடு நின்றது. ஆஸ்கருக்கு 7 பிரிவுகளில் பரிந்துரை ஆன படம். தோல்விக்குச் சொன்ன காரணங்களில் பெயரும் ஒன்று. ஒரு சிறைச்சாலையின் பெயர், அதன் பின்னால் ஒரு கனத்த சொல். அமெரிக்காக்காரனுக்கே வாயில் நுழையவில்லை என்றால் மாம்பலத்தில் என்ன சொல்வது?

சரி, பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? 2006இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்ததும் ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது. நஷ்டம் ஒன்றும் இல்லை, ஜலதோஷம் பிடித்தவர் சொல்வது போல இருந்ததைத் தவிர. ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஹைகோர்ட் வளாகத்தில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. அன்றிலிருந்து பொல்லாத ஆளுக்கு இந்த ஊரில் எம்டன் என்று பெயர். என் தாத்தா கணக்கு வாத்தியாரை அப்படித்தான் சொல்வார். நாசர் நடித்த அந்த அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கப்பல் பெயர் தமிழ் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய ‘எம் மகன்’ யாரையும் விரட்டாது, யாரையும் கூப்பிடவும் செய்யாது.

அந்த விஷயத்தில் இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா கெட்டிக்காரர். 2011இல் அவருடைய ‘ஆரண்ய காண்டம்’ வந்தபோது, ராமாயணம் என்று நினைத்தவர்களும் உண்டு, புரியவில்லை என்று விட்டவர்களும் உண்டு. வட சென்னைத் தாதாக்களின் ஒரு நாள் கதை அது. தேசிய விருது வந்த பிறகு தேடிப் பார்த்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். அடுத்த படத்துக்கு முதலில் ‘அநீதிக் கதைகள்’ என்று வைத்து, பிறகு ‘சூப்பர் டீலக்ஸ்’ என்று மாற்றினார். முதல் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் அசைந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, வாயில் போட்டதும் கரையும் பெப்பர்மின்ட். உள்ளே இருப்பதோ ஏ சான்றிதழ் படம்.

போன மாதம் அம்மா ரிமோட்டை வைத்து ஓடிடியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்றார். “சூப்பர் டீலக்ஸ். பேரு நல்லா இருக்கே. அந்தக் காலத்துல திருப்பதி போனோமே, அந்த பஸ் மாதிரி. நீலாம்பரி வேற நடிச்சிருக்கா. போடு, எல்லாருமா உக்காந்து பாக்கலாம்.”

கூடத்தில் அத்தை இருந்தார், அக்கா பையன் இருந்தான். எழுந்து போய் மோடம் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து சொன்னேன், “நெட் போயிடுச்சும்மா.”