8 ஜிபியோடு நின்றுபோன மினி பிசி

ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்க்கும் மச்சான், என்னிடம் இருக்கும் மினி பிசியையே தானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். அவனுக்குச் சொல்வதை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

அம்மாப்பேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் சின்னக் கடை எனக்கு. பெட்டியை மானிட்டரின் முதுகில் திருகிவிட்டால் இருப்பதே தெரியாது. உள்ளே இன்டெல் என்100, 6 வாட் பிராசஸர். பழைய சிபியூவைச் சில நிமிடம்கூடத் தாங்காத யூபிஎஸ், இதை வெகுநேரம் தாங்குகிறது. முகூர்த்த சீசனில் கரண்ட் போனாலும் பதறாமல் வேலையை முடிக்கலாம். அந்த நிம்மதிக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கடுப்பேற்றுவது ராம் (RAM), அதாவது திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் மெமரிதான். இதில் இருப்பது 8 ஜிபி. ஆல்பத்தில் 12-க்கு 36 இன்ச் பக்கம், 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) என்றால் ஃபோட்டோஷாப்பில் ஒரு முழு லேயரே 100 எம்பியைத் தாண்டும். பத்து லேயர் போட்டு, பக்கத்தில் பிரவுசரையும் திறந்தால் 8 ஜிபி காலி. கிராபிக்ஸுக்கும் அதிலிருந்தே பங்கு போகிறது. அப்புறம் விண்டோஸ், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைத் துணைக்கு இழுக்கும். மவுஸ் திக்கித் திக்கி நகரும். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபேன் மாற்றக் கொடுத்தபோது ராமையும் 16 ஆக்கச் சொன்னேன். மெக்கானிக் திறந்து காட்டினார். ராமைச் செருகும் ஸ்லாட்டே இல்லை, சிப்புகளைப் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 'அப்கிரேட் செய்யலாம்' என்பது எஸ்எஸ்டிக்கு மட்டுமாம்! வாங்குகிறவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று விற்பவருக்குத் தெரியாதா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். சால்டர் செய்யும் எல்பிடிடிஆர் வகை ராம் கரண்டைக் குறைவாகத்தான் இழுக்கும், இடமும் அடைக்காது. சரி, அப்படியானால் 16 ஜிபியாகவே சால்டர் செய்திருக்கலாமே? இந்தப் பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்சவரம்பே அதுதான். மெமரி சேனல், அதாவது பிராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான பாதை, ஒன்றே என்பதால் இரண்டு ஸ்லாட் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இதே என்100-ஐ வைத்து ஒரு ஸ்லாட்டோடு வரும் பெட்டிகளும் இருக்கின்றன. அதில் போடும் ராம் எந்தத் தலைமுறை, டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராம் பட்டையின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று பார்த்தால், கூட்ட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு டேலி, எக்செல், மெயில், அவ்வளவுதான் வேலை. 8 ஜிபி தாராளம். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் படுத்தும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைக்காது. ஆனாலும் பின்னால் ராமைக் கூட்ட முடியாது என்பதால் இதை வாங்காதே மச்சான். ஸ்லாட்டோடு வரும் பெட்டியைப் பார்த்து, விற்பவரிடம் போர்டின் படத்தை அனுப்பச் சொல்லு. ஸ்லாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடு.