பழைய பில்லிங் புரோகிராம்: எக்ஸ்பியா, ஃப்ரீடாஸா?

சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் இன்னும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்) காலத்து பில்லிங் புரோகிராம்தான். நீலத் திரை, மவுஸ் கிடையாது, எஃப்2 தட்டினால் பில். போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நல்லவேளை, ஹார்டு டிஸ்க் தப்பியது. புது கம்ப்யூட்டரில் புரோகிராம் எழும்பவே இல்லை. 64 பிட் விண்டோஸில் இதுபோன்ற பழைய 16 பிட் புரோகிராம் ஓடாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான்.

“பழைய விண்டோஸையே இதுல போட்டுக் குடுத்துடேன்பா” என்றார் சித்தப்பா. போடலாம். எங்கிருந்து எடுப்பது?

நெட்டில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொட்டிக் கிடக்கிறது. கம்பெனியே கைவிட்டதுதானே என்பார்கள். 2014 ஏப்ரல் 8-ல் நின்றது சப்போர்ட்தான், பதிப்புரிமை இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் ஊழியர்கள் கம்பெனிக்காகச் செய்த படைப்புக்கு, வெளியானதிலிருந்து 95 ஆண்டு. 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 2096 வரை போகும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘கீ’யும் லைசென்ஸ் ஆகிவிடாது.

அப்போ நேர்வழி என்ன? எக்ஸ்பி என்றால், அது எந்த வகையில் வாங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். கேபினட் பக்கவாட்டில் ஸ்டிக்கரோடு வந்தது ஓஇஎம், அதாவது கம்ப்யூட்டரோடு சேர்த்தே விற்ற லைசென்ஸ். அது அந்தக் கம்ப்யூட்டரோடே வாழ்ந்து அதோடே போய்ச் சேரும். சித்தப்பாவின் பெட்டியில் இருந்தது இந்த வகைதான், அதுவும் கீயின் கடைசி ஐந்து எழுத்து தேய்ந்து போய். தனி டப்பாவில் வாங்கிய ரீட்டெயில் சிடி என்றால் பழையதிலிருந்து அழித்துவிட்டு இன்னொரு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். அப்படி ஒன்று பரணில் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டு, நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள்.

டாஸுக்கு மாற்றாக வந்த இலவச சிஸ்டமான ஃப்ரீடாஸில் இந்தத் தலைவலியே இல்லை. மைக்ரோசாஃப்ட் டாஸை மூட்டை கட்டப்போகிறது என்று தெரிந்து 1994-ல் ஜிம் ஹால் தொடங்கியது. யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் லைசென்ஸ், காசு கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது, கடையில் வைத்துத் தாராளமாகத் தொழில் செய்யலாம். ‘டாஸ்’ என்று போட்டுக் குறைந்த விலைக்கு லேப்டாப் விற்பார்களே, பெரும்பாலும் அதில் இருப்பது இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. பயாஸ் என்னும் பழைய முறையில் பூட் ஆகாத (எழும்பாத) புதுக் கம்ப்யூட்டரில் நேரடியாக ஏறாது. அதைவிடப் பெரிய தொல்லை பிரிண்டர். டாஸ் புரோகிராம் நேரே எல்பிடி போர்ட்டுக்கு, அதாவது பழைய பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டுக்கு எழுதும். யூஎஸ்பியில் செருகிய பிரிண்டர் அதன் கண்ணில் படாது. இந்த ஒரு இடத்தில் எக்ஸ்பிதான் கெட்டி. யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸை ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட்டால் புரோகிராம் ஏமாந்து அச்சடித்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் அசல் எம்எஸ்-டாஸே இப்போது ஓப்பன் சோர்ஸ்தானே (கோட் எல்லோருக்கும் திறந்தது) என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி உண்மை. 1.25, 2.0 இரண்டும் 2018-லும், 4.00 பதிப்பு 2024-லும் எம்ஐடி என்னும் தாராளமான லைசென்ஸில் வந்தன. எல்லோரும் தேடும் 6.22 அந்தப் பட்டியலில் இல்லை. கோட் படிக்க ஆசையா, படிக்கலாம். பில் போட ஆகாது. விண்டோஸுக்குள்ளேயே டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் கேம்ஸுக்காகவே செய்தது, கடைக் கணக்கை அதில் நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ரியாக்ட்ஓஎஸ் விண்டோஸைப் போலவே நடந்துகொள்ளப் பார்க்கும் இலவச சிஸ்டம். இத்தனை வருஷம் கழித்தும் ஆல்பா என்னும் ஆரம்பச் சோதனை நிலையைத் தாண்டவில்லை.

கடைசியில் பேரலல் போர்ட் உள்ள செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்று வாங்கினேன். அதன் மேல் எக்ஸ்பி ஸ்டிக்கர் சுத்தமாகவே இருந்தது. பெட்டியோடு வந்த லைசென்ஸ், அதையே போட்டிருக்கலாம். ஆனாலும் ஃப்ரீடாஸ்தான் போட்டேன்: ஹார்டு டிஸ்க் போனால் நாளைக்கே சித்தப்பா மகன் யாரையும் கேட்காமல் திரும்ப ஏற்றிக்கொள்வான். எக்ஸ்பிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஸ்கேனரோ மெஷினோ இருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அதன் தடித்த கேபிளோடு செருகி எஃப்2 தட்டினோம். கரகரவென்று வந்தது முதல் பில்: இரண்டு அங்குல ஆணி, அரை கிலோ.